எத்தனை மணிக்கு எடுத்த ரத்தம்?

மலருக்குக் கட்டுரை கொடு என்று நம் பேரவைச் செயலாளர் மூன்று முறை கேட்டுவிட்டார். இரண்டு முறை "நாளைக்குத் தர்றேண்ணே" என்று தப்பித்தேன். எனக்குக் கவிதை வராது. கேண்டீன் போண்டாவைப் பற்றி எழுதலாம் என்றால், போன வருட மலரிலேயே ஒருவர் அதைப் பிய்த்துப் போட்டுவிட்டார். கடைசியில், ஐந்தாம் செமஸ்டரில் நான் கொடுத்த செமினாரையே கட்டுரையாக்கித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் அன்று வகுப்பில் நான் சொல்லாமல் விழுங்கிய ஒரு விஷயம் உண்டு. அதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். படித்துவிட்டு யாரும் என்னைத் திட்டலாம்.

முதலில் என்னைப் பற்றி. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வார்ப்படப் பட்டறையில் ஹெல்பர். அம்மா அதே எஸ்டேட்டில் துணி எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் செக்கிங். "பையன் கம்ப்யூட்டர் படிக்கிறான்" என்று தெருவில் பெயர். அதனால் பக்கத்து வீட்டு மிக்சி ரிப்பேர் ஆனாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கல்லூரி விட்டதும் மாலை நாலரை முதல் எட்டரை வரை, ஆவடி–பூந்தமல்லி சாலையில் ஒரு ரத்தப் பரிசோதனை சேகரிப்பு மையத்தில் வேலை. ஊசி போட்டு ரத்தம் எடுப்பது அக்கா. நான் பார்கோடு ஸ்டிக்கர் ஒட்டுவேன், பெயர், வயது, எடுத்த நேரம் எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். ராத்திரி பைக்கில் ஒரு அண்ணன் வந்து எல்லாக் குழாயையும் ஐஸ் பெட்டியில் வைத்து மெயின் லேபுக்குக் கொண்டுபோவார். பஸ் பாஸ் போக மிச்சப் பணத்தில்தான் என் பரீட்சை பீஸ்.

செமினார் தலைப்பைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் கொடுத்தார் எங்கள் டி.பி.எம்.எஸ். சார். என் நண்பனுக்கு ரயில்வே ரிசர்வேஷன் வந்தது. இன்னொருவனுக்கு ரேஷன் கடை. எனக்கு வந்த சீட்டைப் பிரித்துப் படித்தேன். "எக்ஸ்ட்ரா செல்லுலர் ஆர்.என்.ஏ. ஆய்வுக்கான பொதுத் தரவுத்தளம்." வகுப்பே சிரித்தது. "டேய், இது என்னடா மருந்துக் கடைப் பேரு மாதிரி இருக்கு?" என்றான் பின் பெஞ்சுக்காரன். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

மெக்கானிக்கல் நண்பர்களுக்குப் புரிகிற மாதிரியே சொல்கிறேன். ஒரு கம்பெனியில் ஒரிஜினல் டிராயிங் டிராயிங் ஆபீஸ் பீரோவில் பூட்டியிருக்கும். அதுதான் டி.என்.ஏ. ஷாப் ஃப்ளோருக்குப் போவது அதன் நகல். அந்த நகல்தான் ஆர்.என்.ஏ. இவை தவிர, எந்த நகல் எவ்வளவு நேரம் மேஜையில் இருக்கலாம் என்று அதட்டும் சூப்பர்வைசர் மாதிரி குட்டி ஆர்.என்.ஏ.க்களும் உண்டு. மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று பெயர், சுமார் 22 எழுத்து நீளம்தான். 1993-இல் ஒரு சின்னப் புழுவில் முதன்முதலாக இதைக் கண்டுபிடித்ததற்காகத்தான் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்கன் இருவருக்கும் 2024-இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

இதெல்லாம் கம்பெனி காம்பவுண்டுக்குள் நடப்பது. அதே நகல்கள் கேட்டுக்கு வெளியே, ரோட்டில் கிடந்தால்? ரத்தத்தில், எச்சிலில், சிறுநீரில், முதுகுத்தண்டு நீரில் ஆர்.என்.ஏ. கிடைக்கிறது. எந்தச் செல்லுக்குள்ளும் இல்லாமல், வெளியே. சும்மா கிடந்தால் அது நிமிடத்தில் சிதைந்துவிடும், மழையில் விழுந்த பேப்பர் மாதிரி. ஆனால் டிபன் பாக்ஸில் போட்டு மூடிய மாதிரி சின்னக் கொழுப்புப் பைகளுக்குள் உட்கார்ந்தோ, புரதத்தைப் பிடித்துக்கொண்டோ அது பிழைத்துக்கொள்கிறது. இந்தப் பைகளுக்குள் ஆர்.என்.ஏ. இருக்கிறது, அது வேறொரு செல்லுக்குப் போய் அங்கே வேலையும் செய்யக்கூடும் என்று 2007-இல் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகள் காட்டினார்கள். அடுத்த வருடமே, புற்றுக் கட்டியிலிருந்து வரும் மைக்ரோ ஆர்.என்.ஏ.வை ரத்தத்தில் அளக்கலாம் என்று அமெரிக்காவில் காட்டினார்கள். கட்டியை வெட்டிப் பார்க்காமல் ஒரு குழாய் ரத்தத்திலேயே செய்தி தெரிந்தால் எவ்வளவு நல்லது!

எல்லோரும் ஓடினார்கள். ஒவ்வொரு லேபும் ஐம்பது பேர், நூறு பேர் ரத்தத்தைப் பார்த்து ஒரு கட்டுரை எழுதியது. ஒரு லேபின் முடிவு இன்னொரு லேபில் வரவில்லை. இங்கேதான் நம் சப்ஜெக்ட் வருகிறது. எல்லோருடைய எண்களையும் ஒரே இடத்தில், ஒரே அமைப்பில் போட்டு வைத்தால் என்ன?

போட்டு வைத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சுரேஷ் மதிவாணன். நம்ம பக்கத்துப் பேர் மாதிரியே இருக்கிறதே! 2008-இல் பெங்களூரு இன்ஸ்டிடியூட் ஆஃப் பயோஇன்ஃபர்மேட்டிக்ஸின் பங்கோடு, பல லேபுகள் தங்கள் புரதத் தரவைப் பகிர்ந்துகொள்ளும் ஹ்யூமன் புரோட்டீன்பீடியா வந்தது. அந்தக் கட்டுரையில் முதல் பெயர் அவருடையது. பிறகு மெல்பர்ன் போய், 2009-இல் ரிச்சர்ட் சிம்சனோடு சேர்ந்து எக்ஸோகார்ட்டா என்ற தளத்தைத் தொடங்கினார். செல்கள் வெளியே தள்ளும் அந்தக் குட்டிப் பைகளில் என்னென்ன புரதம், என்னென்ன ஆர்.என்.ஏ. என்று தொகுத்து வைத்தது அது. 2012-இல் வெசிக்கிள்பீடியா. அதில் மற்ற ஆய்வாளர்களும் தங்கள் தரவைத் தாங்களே சேர்க்கலாம்.

பெரிய அளவில் செய்தது அமெரிக்க அரசின் தேசியச் சுகாதார நிறுவனம். 2013-இல் பல லேபுகளைச் சேர்த்து ஒரு கூட்டமைப்பு ஆரம்பித்தார்கள். தரவை எல்லாம் வாங்கி ஒழுங்குபடுத்தும் வேலை ஹூஸ்டனில் உள்ள பேய்லர் மருத்துவக் கல்லூரிக்கு. அவர்கள் கட்டியதுதான் எக்ஸ்.ஆர்.என்.ஏ. அட்லஸ். 2019-இல் 'செல்' பத்திரிகையில் அதைப் பற்றிய கட்டுரை வந்தபோது 19 ஆய்வுகளிலிருந்து 5,309 மாதிரிகளின் தரவு அதில் இருந்தது. சீரம், பிளாஸ்மா, எச்சில், சிறுநீர், முதுகுத்தண்டு நீர் என்று 5 வகைத் திரவம். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கணக்குப் பார்த்ததில், வெளியே திரியும் ஆர்.என்.ஏ. 6 வகைச் சரக்காகப் பயணம் செய்கிறது என்று ஒரு மாதிரியை முன்வைத்தார்கள். தனித்தனியாக ஐம்பது ஐம்பதாகப் பார்த்துக்கொண்டிருந்தால் இது எப்படித் தெரியும்?

காசு கட்டாமலே அந்தக் கட்டுரையை நம் லேப் கம்ப்யூட்டரில் முழுதாகப் படிக்க முடிந்தது. புரிந்தது கால்வாசி. ஆனால் மாதிரியோடு சேர்த்துத் தர வேண்டிய விவரங்களின் அமைப்பைப் பார்த்ததும் குஷியாகிவிட்டேன். ஆய்வுக்கு ஒரு படிவம், தானம் தந்தவருக்கு ஒன்று, மாதிரிக்கு ஒன்று, பரிசோதனைக்கு ஒன்று. எல்லாம் ஒன்றோடொன்று எண்ணால் கோத்திருக்கும். அட, நம்ம பிரைமரி கீ, ஃபாரின் கீ! சார் போர்டில் போட்ட அதே கட்டம்! தானம் தந்தவரின் மரபு அடையாளம் தெரிந்துவிடக்கூடிய மூலத் தரவை மட்டும் தனியே பூட்டி, அனுமதி வாங்கினால்தான் தருவார்கள். மற்றதெல்லாம் திறந்த வீடு.

மாதிரிப் படிவத்தைப் பற்றிப் படிக்கும்போதுதான் எனக்குத் தொண்டை அடைத்தது.

ஏன் என்று சொல்ல வேண்டுமானால் குழாய் மூடிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் மையத்தில் ஊதா மூடி இ.டி.டி.ஏ., ரத்தத்தை உறைய விடாது. சிவப்பு மூடியில் உறைய விட்டுச் சீரம் எடுப்பார்கள். பச்சை மூடி ஹெப்பாரின். முதல் வாரத்திலேயே அக்கா மனப்பாடம் செய்ய வைத்துவிட்டார். ஆனால் எதற்கு இத்தனை கலர் என்று நான் கேட்டதே இல்லை. செமினாருக்குப் படித்தபோதுதான் தெரிந்தது. ரத்தம் உறையும்போது தட்டணுக்கள் தங்கள் பைகளையும் ஆர்.என்.ஏ.வையும் கொட்டிவிடும். அதனால் ஒரே ஆளின் ஒரே நேரத்து ரத்தத்தில் சீரம் ஒரு கதை சொல்லும், பிளாஸ்மா வேறு கதை சொல்லும். ஹெப்பாரின் இருந்தால் ஆர்.என்.ஏ.வைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். சோதனையே சரியாக ஓடாது. ஊசி இழுத்த வேகத்தில் சிவப்பணு உடைந்தால் அதிலுள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ. 451, 16 எல்லாம் வெளியே வந்து, ஏதோ நோயின் அடையாளம் மாதிரி நிற்கும். எடுத்து எவ்வளவு நேரம் கழித்துச் சுழற்றினார்கள் என்பதில்கூட வித்தியாசம் வரும். பிரித்தெடுக்கும் முறையும் அப்படித்தான். அதே கூட்டமைப்பு 10 முறைகளை 5 திரவங்களில் ஒப்பிட்டு, முறை மாறினால் கிடைப்பதும் மாறுகிறது என்று 2019-இல் காட்டியது.

ஆகவே 5,309 எண்வரிசைகளும் அந்த விவரங்கள் கூட இருந்தால்தான் எதற்காவது உதவும். எந்த மூடி, எத்தனை மணி, எப்போது சுழற்றியது. அந்த வரி காலியாக இருந்தால் அடுத்தவனுக்கு அது குப்பை.

இதை அம்மாவிடம்தான் முதலில் சொல்லிப் பார்த்தேன். செமினாருக்கு முந்தின ராத்திரி, வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார். ஆர்.என்.ஏ. கதையெல்லாம் முடிந்ததும், "இது பண்டில் டிக்கெட்டுடா" என்றார்.

எக்ஸ்போர்ட் கம்பெனியில் துணியை அடுக்கடுக்காகப் போட்டு மொத்தமாக வெட்டுவார்கள். வெட்டிய துண்டுகளைக் கட்டாகக் கட்டி, ஒவ்வொரு கட்டிலும் ஒரு சீட்டு வைப்பார்கள். எந்த ரோல், எந்த அடுக்கு, என்ன சைஸ். அந்தச் சீட்டு தொலைந்தால் ஒரு ரோல் துணியின் கையும் இன்னொரு ரோல் துணியின் உடம்பும் சேர்ந்து தைத்துவிடும். தைக்கும்போது தெரியாது. ரெண்டுமே நீலம்தான். "அயர்ன் பண்ணி வெளிச்சத்துல தொங்க விட்டா அப்போ தெரியும், ஷேடு மாறியிருக்கும். பாதிச் சட்டை ஒரு நீலம், கை வேற நீலம். மொத்த லாட்டும் ரிஜெக்ட்." பிறகு அம்மா சொன்னார்: "சீட்டு இல்லாத கட்டு வந்தாக்கூடப் பரவால்லடா. தனியா ஒதுக்கி வெச்சிடுவோம். சீட்டு தொலைஞ்சத மறைக்க வேற சீட்டு எழுதிச் சொருகிடுவாங்க பாரு, அதுதான் வம்பு. அது செக்கிங்ல தெரியவே தெரியாது."

லேபுக்கு லேப், நாளுக்கு நாள் வரும் இந்த வித்தியாசத்தை விஞ்ஞானிகள் 'பேட்ச் எஃபெக்ட்' என்கிறார்கள். எட்டாவதோடு நின்ற என் அம்மா ஷேடு என்கிறார். ஆனால் அன்றைக்கு எனக்கு அந்தப் பெருமைகூட வரவில்லை. பொய்ச்சீட்டு என்றதும் கையில் இருந்த தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

இனி நான் விழுங்கிய விஷயம்.

செமினாருக்கு மூன்று வாரம் முன்பு ஒரு நாள். அன்று மாலை நல்ல மழை, ரோடெல்லாம் தண்ணீர். பருத்திப்பட்டுப் பக்கத்திலிருந்து பூக்கட்டி விற்கும் ஒரு ஆயா வந்திருந்தார். சர்க்கரை, பிரஷர், சிறுநீரகச் சோதனை எழுதிக் கொடுத்திருந்தார் டாக்டர். அக்கா ரத்தம் எடுத்தது ஐந்து மணி வாக்கில். எனக்கு மறுநாள் இன்டர்னல் டெஸ்ட். குழாயில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு, நேரத்தை அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம் என்று புத்தகத்தைத் திறந்துவிட்டேன். பைக் அண்ணன் மழையில் மாட்டி ஒன்பது மணிக்கு வந்தார். அவசரம். யாருக்கு எத்தனை மணி என்று எனக்கு நினைவில்லை. அன்றைய பதினோரு குழாய்க்கும் ஒரே நேரம் அடித்தேன். 8.15. கம்ப்யூட்டர் ஒன்றும் சொல்லவில்லை. கட்டம் நிரம்பியிருந்தது, அதற்கு அது போதும்.

ரத்தத்தை அணுக்களோடேயே நேரம் போக விட்டால், அணுக்களுக்குள் இருக்கும் பொட்டாசியம் கசிந்து சீரத்தில் கலக்கும். ஐஸ் பெட்டியில் வைத்தால் இன்னும் மோசம். இதுவும் எனக்கு அப்போது தெரியாது. ஆயாவின் ரிப்போர்ட்டில் பொட்டாசியம் 6.4 என்று வந்தது. ஐந்தைத் தாண்டினாலே கவனிக்கிற சமாச்சாரம். லேபில் இருந்தவர்கள் நேரத்தைப் பார்த்திருக்கிறார்கள். 8.15-க்கு எடுத்தது, சீக்கிரமே வந்துவிட்டது, ஆகவே எண் சரி என்று விட்டுவிட்டார்கள். சரியான நேரம் இருந்திருந்தால் 'மறுபடி எடுங்கள்' என்று அவர்களே சொல்லியிருப்பார்கள். அல்லது கட்டம் காலியாக இருந்திருந்தாலும் போன் போட்டுக் கேட்டிருப்பார்கள்!

டாக்டர் பயந்து ஆயாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஈ.சி.ஜி., ஒரு ராத்திரி படுக்கை. அங்கே எடுத்துப் பார்த்ததில் 4.6. ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போங்கள் என்று விட்டுவிட்டார்கள். இரண்டு நாள் பூ வியாபாரம் போனது. பேரன் லீவு போட்டான். ஆட்டோ செலவு வேறு. அந்தப் பேரன் எங்கள் மையத்துக்கு வந்து சத்தம் போட்டபோது அக்காதான் கைகட்டி நின்று கேட்டுக்கொண்டார். ஊசி போட்டது அவர்தானே. நான் ஸ்டிக்கர் ரோலை மாற்றுவது போலக் குனிந்துகொண்டேன்.

செமினார் அன்று எல்லாம் நன்றாகத்தான் போனது. கட்டம் போட்டேன், அட்லஸ் சொன்னேன், மதிவாணன் சொன்னேன். பண்டில் டிக்கெட் சொன்னதும் கைதட்டல்கூட வந்தது. கடைசியில் சார் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எல்லாம் சரிப்பா. ஒருத்தன் தப்பான வேல்யூ டைப் பண்ணா உன் டேட்டாபேஸ் எப்படிக் கண்டுபிடிக்கும்?"

"வேலிடேஷன் ரூல் போடலாம் சார். நாட் நல் கொடுத்தா காலியா விட முடியாது" என்றேன்.

"காலியா விட முடியாது. சரி. பொய்யா நிரப்பலாமில்ல?"

உட்கார்ந்துவிட்டேன்.

இது என் ஒருத்தனுடைய கதை மட்டுமில்லை. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தார் தலைமையில் 2017-இல் இ.வி.-டிராக் என்று ஒன்று வந்தது. செல்வெளிப் பைகளைப் பற்றிய 1,226 கட்டுரைகளை எடுத்து, எப்படிப் பிரித்தோம், எப்படிச் சோதித்தோம் என்று எழுதியிருக்கிறார்களா என்று 9 அம்சங்களை வைத்துப் பார்த்தார்கள். பல கட்டுரைகளில் தேவையான விவரமே இல்லை. டாக்டர் பட்டம் வாங்கினவர்களே சீட்டு வைக்க மறந்தால் நாம் எம்மாத்திரம் என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதல். ஆனால் அவர்கள் விட்டது காலிக் கட்டம். நான் செய்தது அது இல்லை.

நம் நாட்டிலும் இப்போது பொதுத் தரவு வேலை வேகம் பிடித்திருக்கிறது. 2022 நவம்பரில் ஃபரிதாபாத்தில் இந்திய உயிரியல் தரவு மையம் திறந்தார்கள். 2025 ஜனவரியில் 10,000 இந்தியர்களின் மரபணுத் தொகுதித் தரவு அங்கிருந்து ஆய்வாளர்களுக்குக் கிடைக்க வழி செய்தார்கள். அடுத்த மாதமே நம் ஐ.ஐ.டி. மெட்ராஸ், 480 மார்பகப் புற்றுநோயாளிகளின் தரவோடு பாரத் கேன்சர் ஜீனோம் அட்லஸை வெளியிட்டது. இவையெல்லாம் டி.என்.ஏ. தரவு. டி.என்.ஏ. கொஞ்சம் பொறுமைசாலி, நேரம் போனாலும் எழுத்து மாறாது. ஆர்.என்.ஏ. அப்படி இல்லை. அந்தத் தரவை நாமும் பெரிய அளவில் சேர்க்கும் நாள் வந்தால் முதல் கட்டம் ஃபரிதாபாத்தில் நிரம்பாது. எங்காவது ஒரு சேகரிப்பு மையத்தில், ராத்திரி ஒன்பது மணிக்கு, பைக் வெளியே நிற்கும்போது நிரம்பும்.

இன்னொன்றும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அயப்பாக்கம் ஹவுசிங் போர்டு பக்கம் போகிறவர்கள் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தின் போர்டைப் பார்த்திருப்பீர்கள். 1999-இல் அது உருவானபோது அதில் சேர்ந்தவற்றில் ஒன்று நம் ஆவடியில் இருந்த ஜால்மா தொழுநோய்க் களப்பிரிவு. 1990-களில் சுமார் 1.7 லட்சம் பேருக்குத் தொழுநோய்த் தடுப்பூசிகளை ஒப்பிட்டுப் பார்த்த பெரிய ஆய்வை நடத்தியவர்கள் அவர்கள்தான். அத்தனை பேரையும் வீடு தேடிப் போய், பெயர் எழுதி, வருடக் கணக்கில் பின்தொடர்ந்திருக்கிறார்கள். யாரும் 'எல்லோருக்கும் 8.15' என்று எழுதியிருந்தால் அந்த ஆய்வு என்ன ஆகியிருக்கும்? அந்த வழியாகப் பஸ் போகும்போதெல்லாம் நான் ஜன்னலுக்கு மறுபக்கம் பார்த்துக்கொள்வேன்.

செமினார் முடிந்த சனிக்கிழமை அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நான் தப்பா எடுத்துட்டேனோன்னு பதினஞ்சு நாளா நெனச்சிட்டிருந்தேண்டா" என்றார். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம். ஓனரிடமும் நானே போய்ச் சொன்னேன். அரை மாதச் சம்பளம் பிடித்தார், வேலையை விட்டு எடுக்கவில்லை. அந்தப் பணத்தை ஆயா வீட்டுக்குக் கொடுத்தாரா என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

இப்போது என் ஆறாம் செமஸ்டர் ப்ராஜெக்ட் இதுதான். நேரத்தைக் கையால் டைப் பண்ணவே முடியாது. குழாயின் பார்கோடை ஸ்கேன் செய்த நொடி தானாகப் பதியும். சார் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு. எல்லாக் குழாயையும் கடைசியில ஒண்ணா ஸ்கேன் பண்ணா?" என்றார். விடமாட்டார் அவர். அதற்கும் ஒரு வழி யோசித்தேன். ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து குழாய்க்கு மேல் ஸ்கேன் ஆனால் சிவப்பாகக் காட்டும். அதையும் ஏமாற்ற எனக்கே இரண்டு வழி தெரியும். கூடவே, 'நேரம் தெரியவில்லை' என்று ஒரு பட்டனும் வைத்திருக்கிறேன். எங்கள் பேட்ச்சில் எல்லோரும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். "எந்த கம்பெனிக்காரன்டா தெரியலைன்னு சொல்ல பட்டன் வெப்பான்?" என்றார்கள். அம்மா மட்டும், அதைப் பெரிசாக வை, பச்சைக் கலரில் வை என்றார்.

பொங்கல் கழிந்த வாரம் ஆயா மறுபடி வந்தார். டாக்டர் திரும்பவும் பார்க்கச் சொன்னாராம். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். ஊசியை எடுத்ததும் குழாயை வாங்கி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, பேனாவால் ஸ்டிக்கரிலேயே எழுதினேன். 5.12.

"இன்னாப்பா எழுதற?"

"மணி ஆயா."

"மணி எனக்குத் தெரியாதா? அஞ்சு தாண்டிடுச்சு, பூ வாடிடும். சீக்கிரம் உடுப்பா" என்றார் ஆயா.

— மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல்